குதிரைக்கும் முதுகு வலிக்கும்

என் தொழிலில் நோயாளி வாயைத் திறக்காது. வாயைத் திறக்கிறவர் நோயாளியாக இருக்க மாட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் குதிரைக்கு பிசியோதெரபி பார்க்கும் என் வேலை. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, எலும்பு முறிவு இல்லை, கை வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் நான் போவேன். அமுக்கிவிடுவேன், ஒத்தடம் கொடுப்பேன், காலை மடக்கி நீட்டுவேன், நடக்க வைப்பேன். ஊசியும் மருந்தும் டாக்டருடைய வேலை. ஆனாலும் விருதுநகரிலிருந்து ஆலங்குளம் வரைக்கும் எனக்குப் பெயர் டாக்டரம்மாதான். திருத்தித் திருத்திக் களைத்துப்போய் விட்டுவிட்டேன்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்காவது இடுப்பிலோ கழுத்திலோ வலி இருக்கும். யாரோ ஒரு பிசியோ உங்களுக்கும் பத்துப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருப்பார். மூன்று நாள் செய்துவிட்டு, அடுத்த வாரம் போய் "தினமும் செய்யிறேன் மேடம்" என்று சொல்லியிருப்பீர்கள். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. உங்களைப் போலவே அவதிப்படுகிற, நான்கு கால் உள்ள சிலரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வந்திருக்கிறேன்.

பாய்க்குத் தோள், ராணிக்கு முதுகு

அப்போது நான் விருதுநகரில் ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையில் மனிதர்களுக்கு மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தீப்பெட்டி ஒட்டிக் கழுத்து பிடித்துக்கொண்ட பெண்கள், மண்டியில் மூட்டை தூக்கி இடுப்பு போன ஆட்கள், இவர்கள்தான் அதிகம் வருவார்கள். மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கும் சிக்கந்தர் பாய்க்குத் தோள் இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியவில்லை. இரண்டு மாதம் வந்தார். கை தலைக்கு மேலே போன அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல் நின்றுகொண்டே இருந்தார். "தங்கச்சி, வீட்டுல ராணிக்கும் இதே மாதிரி தொந்தரவுதான். முதுகைத் தொட்டாலே கடிக்க வர்றா" என்றார். கூட்டிக்கொண்டு வாங்க பாய் என்றேன். "அவ மாடிப்படி ஏற மாட்டாளே" என்றார். அப்புறம்தான் தெரிந்தது, ராணி என்பது கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற வெள்ளைக் குதிரை என்று.

நான் மனுசருக்குப் படித்தவள், அதெல்லாம் தெரியாது என்று அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு கடிதத்தோடு வந்தார். கால்நடை மருத்துவர் முத்துராமன் எழுதியிருந்தார்: முதுகுத் தசையில் பிடிப்பு, மருந்தால் மட்டும் தீராது, இந்தப் பக்கம் இதைப் பார்க்க ஆள் இல்லை, நீங்கள் பாருங்கள், பக்கத்தில் நான் நிற்கிறேன். அதற்கு மேல் எப்படி மாட்டேன் என்பது?

மண்டிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. வத்தல் நெடியில் எனக்குத் தும்மல் நிற்கவில்லை. ராணிக்கு அதெல்லாம் பழகிவிட்டது. டாக்டர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, கையை அவள் கழுத்தில் வைத்து மெதுவாக முதுகுக்கு இறக்கினேன். சேணம் உட்காரும் இடத்துக்குப் பின்னால் விரல் பட்டதும் முதுகு பள்ளமாக இறங்கியது, காது இரண்டும் பின்னால் படிந்தன. தீப்பெட்டிப் பெண்களின் இடுப்பைத் தொட்டால் அவர்களும் இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிவார்கள். இது எனக்குத் தெரிந்த வலிதான். அந்த இடத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றி இருபது நிமிடம் உள்ளங்கையால் தேய்த்தேன். ராணியின் கீழுதடு தொங்கியது. பிறகு கண் மூடியது. பாய் சட்டென்று வெளியே போய்விட்டார். நான் கை கழுவும்போது பக்கத்தில் வந்து சொன்னார்: "நீங்க அமுக்குனப்ப எனக்கும் இப்படித்தான் கண்ணு சொக்குச்சு தங்கச்சி. ஆம்பளையாச்சேன்னு முழிச்சுக்கிட்டே இருந்தேன்."

மாப்பிள்ளை நடந்தார்

ராணியின் வலிக்குக் காரணம் சேணம். பாயின் வாப்பா காலத்தில் வேறொரு பெரிய குதிரைக்குச் செய்தது. அதன் நடுப்பகுதி ராணியின் முதுகெலும்பின் மேலேயே உட்கார்ந்திருந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் ஒரு மாப்பிள்ளை. ஆறு வாரத்துக்குச் சேணமே கூடாது என்றேன். பாய் முகம் வாடிவிட்டது. சிவகாசியில் ஒரு கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இரண்டு வாரம்தான் இருந்தது. வேறு குதிரை கேட்டு மதுரை வரைக்கும் போன் போட்டுப் பார்த்தார். முகூர்த்த நாளில் யார் தருவார்கள்? கடைசியில் என்னையும் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கே போனார்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் கொதித்துப்போனார். "பத்திரிகையிலயே குதிரை ஊர்வலம்னு போட்டாச்சு. குதிரைக்கு முதுகுவலின்னு சொன்னா ஊரு சிரிக்காதா?" என்றார். ராணியின் முதுகில் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தினால் எப்படிக் குனிகிறாள் என்று என் கையையே அவள் முதுகாக வைத்துச் செய்து காட்டினேன். மாமன் கேட்பதாக இல்லை. அச்சகத்தில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை குறுக்கே வந்தார். "குதிரை வரட்டும் மாமா. நான் கூட நடந்து வாரேன்" என்றார்.

கல்யாணத்தன்று சாயங்காலம் ராணி சேணம் இல்லாமல், முதுகில் ஒரு பட்டுத்துணி மட்டும் போர்த்தி, கழுத்தில் மாலையோடு வந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை லகானைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சிவகாசிக் கல்யாணத்தில் வெடிக்குப் பஞ்சமா? ராணி காதைக்கூட ஆட்டவில்லை. வழியில் நின்றவர்கள் இதுதான் புது ஸ்டைல் போல என்று படம் எடுத்தார்கள். மண்டப வாசலில் மாப்பிள்ளை என் பக்கம் குனிந்து, மாமனுக்குக் கேட்காமல் சொன்னார்: "அதுமேல ஏறணுமேன்னு ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல டாக்டரம்மா. அந்தக் குதிரை நூறு வருசம் நல்லா இருக்கணும்."

உதை

ராணி தேறிய பிறகு எனக்கு ஆசை வந்துவிட்டது. இரண்டு மாதம் விடுப்புப் போட்டு, பந்தயக் குதிரைகளுக்குப் பார்க்கும் ஒருவரிடம் வெளியூர் போய்க் கற்றுக்கொண்டு வந்தேன். வந்ததும் ஒரு தலைக்கனம். மூன்றாவதாகப் பார்த்த குதிரையிடம், பின்பக்கமாக, பேச்சுக் கொடுக்காமல் போனேன். குதிரைக்குத் தனக்கு நேர் பின்னால் நிற்பது கண்ணுக்குத் தெரியாது என்று ஒரு வாரம் முன்னால்தான் நோட்டில் எழுதியிருந்தேன். தொடையில் விழுந்தது உதை. பத்து நாள் எங்கள் மருத்துவமனையிலேயே, என் நோயாளிகள் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்க, நான் கட்டிலில் கிடந்தேன். என்னோடு வேலை பார்த்த ஜெயந்தி ஐஸ் ஒத்தடம் வைத்துக்கொண்டே சொன்னாள்: "நம்ம ஆளுக வலிச்சா 'அய்யோ அம்மா'ன்னு கத்துறதோட நிப்பாட்டிக்கிடுறாகளே, அந்த அருமை உனக்கு இப்பத்தான் தெரியுதாக்கும்?"

பஸ்ஸில் ஒரு கேள்வி

வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. அன்றைக்குக் காலையில் சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை வழியாக ஆலங்குளம் போகிற பஸ்ஸில் ஏறி, அந்தப் பக்கத்துக் குதிரைகளைப் பார்த்துவிட்டு வருவேன். பஸ் முழுக்கப் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற பெண்கள்தான். மடியில் சாப்பாட்டு வாளி. ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, என் பையிலிருந்து எட்டிப் பார்த்த கேரட்டையும் தசைப்பிடிப்புக்கு வைக்கும் மெஷினையும் பார்த்துவிட்டு என்ன ஏது என்று விசாரித்தார். பெயர் மாரியம்மாள். குதிரைக்கு இடுப்பு வலி பார்க்கப் போகிறேன் என்றதும் முன் சீட்டுக்காரர்கள் திரும்பிச் சிரித்தார்கள். மாரியம்மாள் சிரிக்கவில்லை.

"பன்னெண்டு வருசமா உக்காந்து திரி செருகுறேன் தாயி. எந்திரிக்கையில செவுத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிக்கேன். எங்க இடுப்பைப் பாக்க ஒருத்தரும் பஸ் ஏறி வந்ததில்லையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லையே என்பதுபோலத்தான் சொன்னார். இறங்கும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை அதே பஸ்ஸில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன். உட்கார்ந்த இடத்திலேயே கழுத்துக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று, கணுக்காலுக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தேன். முதலில் வெட்கம், பிறகு கேலி, பிறகு ஒவ்வொருத்தராக எனக்கு இங்கன வலிக்கு, அங்கன வலிக்கு என்று ஆரம்பித்தார்கள். அவர்கள் இறங்கும் நிறுத்தத்தில் டிரைவர் இரண்டு நிமிடம் வண்டியை நிறுத்தி வைத்தார். எல்லாரும் ரோட்டோரம் வரிசையாக நின்று இடுப்பைப் பின்னால் வளைத்துவிட்டுக் கம்பெனிக்கு நடந்தார்கள். ஒரு மாதத்தில் அது வழக்கமாகிவிட்டது. மாரியம்மாள் செவுத்தைப் பிடிக்காமல் எழுந்திரிக்கிறேன் என்று எனக்கு எழுந்து காட்டிவிட்டுக் கேட்டார்: "குதிரைக்கெல்லாம் ஒழுங்காச் செஞ்சா கேரட்டு குடுப்பீகளாமே, எங்களுக்கு ஒண்ணும் கிடையாதா?"

டீசல் ஓடிய ஓட்டம்

அந்தப் பஸ்ஸில் நான் பார்க்கப் போனது டீசலை. ஆலங்குளம் பக்கத்தில், சுண்ணாம்புக்கல் லோடு அடிக்கும் லாரி டிரைவர் பொன்னுச்சாமி அண்ணனுடைய பந்தயக் குதிரை. குட்டையான செம்பழுப்புக் குதிரை. ஏன் இந்தப் பெயர் என்று கேட்டதற்கு, "ஊத்துனா ஓடும்ல" என்றார். இடது முன்னங்காலில் முட்டிக்குக் கீழே வீங்கி, தொட்டால் சுட்டது. தசையை எலும்போடு கட்டுகிற நாண் நைந்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் போனால் அறுந்துவிடும், பல மாதம் ஓட்டம் கூடாது என்று முத்துராமன் டாக்டர் சொல்லியிருந்தார். கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குதிரை வண்டிப் பந்தயம் பன்னிரண்டு நாளில் வருகிறது. போன வருடம் பக்கத்து ஊர்க் குதிரையிடம் ஒரு கழுத்து அளவில் தோற்றிருந்தார் அண்ணன். நான் ஐஸ் வைத்துக் கட்டுப்போட்டேன். சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். பத்து நாளில் வீக்கம் வடிந்தது. வீக்கம் வடிந்தால் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை அண்ணே என்றேன். அதற்கும் தலையாட்டினார்.

பந்தயத்தன்று என் பஸ்ஸையே வழியில் நிறுத்திவிட்டார்கள். ரோடுதானே பந்தயத் திடல்? ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், மூன்றாவது வண்டியில் டீசல். இடது முன்னங்கால் தரையில் படும்போதெல்லாம் தலையை மேலே தூக்கி ஓடியது. நொண்டுகிற குதிரை அப்படித்தான் ஓடும். நான் கத்தினேன், அந்த ஆரவாரத்தில் யாருக்குக் கேட்கும்? வண்டியில் நின்றுகொண்டிருந்த பொன்னுச்சாமி அண்ணனே அந்தத் தலையாட்டத்தைப் பார்த்துவிட்டார். கயிற்றை இழுத்துப் பிடித்தார். பின்னால் வந்த பைக்குகள் ஒன்றின்மேல் ஒன்று மோதப் பார்த்தன. கூட வண்டியில் இருந்தவர் "ஏலே, கிறுக்குப் பிடிச்சிருச்சா, இன்னும் ஒரு மைலுதாம்லே!" என்று அலறினார். அண்ணன் சாட்டையை வண்டியில் போட்டுவிட்டு இறங்கி, குதிரையை அவிழ்த்து ஓரமாகக் கொண்டுவந்தார்.

நான் இறங்கி ஓடினேன். சர்பத் கடையில் ஐஸ் வாங்கி, அவர் துண்டிலேயே காலைக் கட்டினேன். ஒரு அடிகூட நடக்க விடக்கூடாது என்பதால் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டிக்குச் சொல்லிவிட்டு ரோட்டோரக் கருவேல நிழலில் நின்றோம். போகிற பைக்குகளில் இருந்து ஊர்க்காரர்கள் ஏசிக்கொண்டே போனார்கள். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வண்டி வருகிற நேரத்துக்கு, குதிரையின் பிடரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு டாக்டரம்மா. ஊரு சொன்னது அதைவிடச் சத்தமா விழுந்துச்சு."

அணைத் தண்ணீர்

டீசலை இரண்டு மாதம் கொட்டகையிலேயே நிறுத்தி வைத்தோம். பிறகு ஐந்து நிமிட நடை, அடுத்த வாரம் பத்து நிமிடம். அதற்குப் பிறகு டாக்டர் தண்ணீரில் நடக்க வைக்கலாம் என்றார். தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்ளும். காலுக்குப் பாரம் குறையும், தசைக்கு வேலை கிடைக்கும். நல்லவேளை, வெம்பக்கோட்டை அணையில் அந்த வருடம் தண்ணீர் கிடந்தது. ஆனால் டீசல் கரையோடு நின்றுவிட்டது. இழுத்தோம், கேரட் காட்டினோம், பின்னாலிருந்து விரட்டினோம். ம்ஹூம். மீன்பிடிக்க வந்தவர்கள் வலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

பொன்னுச்சாமி அண்ணனுக்கு நீச்சல் தெரியாது. கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தனியாகத் தண்ணீருக்குள் போனார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாரிடமோ பேசுவதுபோல லாரிக் கதை, லோடுக் கதை எல்லாம் பேச ஆரம்பித்தார். கால் மணி நேரம் இருக்கும். டீசல் ஒரு காலை வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. பிறகு நேராக உள்ளே போய் அவர் தோளில் மூக்கை முட்டி நின்றது. அன்றிலிருந்து தினம் வரவேண்டும் என்பதற்காகவே காலை லோடை விட்டுக்கொடுத்துவிட்டார். அவர் முன்னால் நடக்க, அது பின்னால் நடக்கும்; நான் வியாழன்தோறும் போய்க் காலைத் தொட்டுப் பார்ப்பேன்.

ஒன்பது மாதத்தில் டீசல் தலையை ஆட்டாமல் சீராக ஓட்டநடை போட்டது. திரும்பப் பந்தயத்துக்குக் கட்டவில்லை. அவரே வேண்டாம் என்றுவிட்டார். அவர் மனைவி செல்வி ஒருநாள் கரையில் வந்து உட்கார்ந்து, தண்ணீருக்குள் முன்னும் பின்னும் போகிற இரண்டு பேரையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "எனக்குச் சுகர் வந்தப்ப டாக்டர் நடக்கச் சொன்னாரு, துணைக்கு வாங்கன்னு கூப்பிட்டேன். லாரிக்காரனுக்கு நடக்க வராதுன்னாரு. இப்ப பாருங்க, தண்ணிக்குள்ளயே நடக்காரு!"

சத்தம்

அந்த ஒன்பது மாதத்துக்குள் ஒருநாள். அண்ணன் ஒரு அவசர லோடை இறக்கிவிட்டு வர, அன்றைக்கு அணைக்குப் போகும்போது மத்தியானமாகிவிட்டது. டீசல் வயிற்றளவுத் தண்ணீரில் நின்றது. முதலில் காலுக்கடியில் ஒரு அதிர்வு, பிறகு சத்தம். கரையிலிருந்த கொக்குகள் மொத்தமாகக் கிளம்பின. டீசல் முன்னங்கால் இரண்டையும் தூக்கிவிட்டது. கயிறு அண்ணன் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. விடாமல் பாய்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டார். அக்கரைக்கு அப்பால் வெள்ளையாகப் புகை எழுந்தது. இந்தப் பக்கத்தில் யாருக்கும் அது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஈரத்தோடு ரோட்டுக்கு ஓடினார்கள்.

எனக்கு மாரியம்மாள் நினைப்பு வந்தது. புகை வந்தது அவர் வேலை பார்க்கும் பக்கம்தான். போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்ப அடித்தேன். "எடுப்பாக, எடுப்பாக" என்று அண்ணன் குதிரைக் கழுத்தைப் பிடித்தபடி சொல்லிக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் கழித்து மாரியம்மாளே கூப்பிட்டார். பக்கத்து யூனிட்டில் ஒரு வெடிமருந்து அறை வெடித்துப் போய்விட்டது. எல்லாரும் சாப்பிட வெளியே வந்த நேரம். ஒருத்தருக்குக் கையில் காயம், உயிருக்குப் பயமில்லை. நான் அழுதுவிட்டேன். அவர் சொன்னது இதுதான்: "அழாதீக தாயி, நாங்க எல்லாரும் வெட்டவெளியில உக்காந்திருக்கோம். நீங்க அணையிலதான இருக்கீக? குதிரை மிரண்டிருக்கும், முதல்ல போயி அதைப் பிடிங்க."

எட்டுப் படம்

சிவகாசியில் காலண்டர் அச்சகம் வைத்திருக்கும் வேலுச்சாமி அண்ணாச்சி வீட்டில் ராஜா என்று ஒரு கிழக் குதிரை. மகள் பள்ளிக்கூடம் படிக்கும்போது வாங்கிக் கொடுத்தது. மகள் இப்போது வெளிநாட்டில். ராஜாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. தினமும் செய்யவேண்டிய பயிற்சிகளை, குதிரையைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சொன்னால், அடுத்த வாரம் போகும்போது பாதி மறந்திருப்பார். எழுதிக் கொடுங்க என்றார் அண்ணாச்சி. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் போனால், கொட்டகைச் சுவரில் இரண்டடி உயரத்துக்குப் பளபளப்பான தாளில் பலவண்ணப் படம்! அச்சகத்து டிசைனர் வரைந்தது. வெந்நீர் ஒத்தடம், கேரட்டைக் காட்டித் தலையைத் தோளுக்குத் திருப்புவது, இடுப்புக்குத் திருப்புவது, முன்னங்கால்களுக்கு நடுவே குனிய வைப்பது, காலைத் தூக்கிப் பிடிப்பது, கட்டையைத் தாண்டி நடப்பது, பின்னால் நடப்பது, கடைசியாக வாலைப் பிடித்து இதமாக இழுத்து முதுகை நீட்டிவிடுவது என்று எட்டுப் படம். பழக்க தோஷம், கீழே அந்த வருடத்து நாள்காட்டியையும் போட்டுவிட்டார்கள். மீதித் தாள்கள் அச்சகத்திலேயே கிடந்தன. ஒருநாள் அங்கே போனபோது, காலையிலிருந்து நின்றே வேலை பார்க்கும் மெஷின்மேன் முருகேசன், சுவரில் ஒட்டிய குதிரையைப் பார்த்துப் பார்த்துக் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கூச்சத்தோடு சொன்னார்: "ஏழு படமும் செஞ்சாச்சு டாக்டரம்மா, கழுத்துக்கு நல்லாவே இருக்கு. எட்டாவதுக்குத்தான் நமக்கு வால் இல்லாமப் போச்சு."

ராஜா படுத்துவிட்டது

அண்ணாச்சி என்னிடம் ஒவ்வொரு முறையும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: எப்போது பழையபடி ஓடும்? ஓடாது அண்ணாச்சி, வலி இல்லாமல் நிற்கும், படுக்கும், எழுந்திரிக்கும், அம்புட்டுத்தான் என்பேன். முதலில் அவருக்கு அது பிடிக்கவில்லை. பிறகு எப்படியோ, காலண்டர் சீசன் உச்சத்தில்கூட தினம் சாயங்காலம் பத்து நிமிடம் கொட்டகைக்கு வந்து, அவரே காலைத் தூக்கி மடக்கி நீட்டிவிட ஆரம்பித்தார். மேனேஜர் ஆர்டர் நோட்டோடு வாசலில் நிற்பார். ராஜா ஒன்றரை வருடம் நன்றாக இருந்தது. மண்ணில் புரண்டு எழுந்துகூட நின்றது.

மார்கழியில் ஒருநாள் காலையில் படுத்த ராஜா எழுந்திரிக்கவில்லை. முத்துராமன் டாக்டரும் நானும் போனோம். ஆறு பேர் சேர்ந்து பட்டை போட்டுத் தூக்கிப் பார்த்தோம். இரண்டு தடவை பாதி எழுந்து, பின்னங்கால் மடங்கி விழுந்தது. மூன்றாவது தடவை அண்ணாச்சியே வேண்டாம் என்றுவிட்டார். வலிக்கு ஊசி போட்டிருக்கிறேன், அது தீர்ந்ததும் கஷ்டப்படும், போகவிட்டுவிடுவதுதான் நல்லது என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். அண்ணாச்சி ஓரமாகப் போய் மகளுக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் அழுகிற சத்தம் எங்களுக்கே கேட்டது. திரும்பி வந்து, "வச்சு வதைக்காதீங்கப்பான்னு சொல்லுது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க உங்க வேலையைச் செய்யிங்க" என்றார். இனிமேல் எனக்கு வேலை ஒன்றும் இல்லை அண்ணாச்சி என்றேன். "இருக்கு. செய்யிங்க" என்றார்.

வைக்கோலில் உட்கார்ந்து ராஜாவின் கழுத்தில் கையை வைத்தேன். அவரும் வெள்ளை வேட்டியோடு எதிரே உட்கார்ந்தார். நான் எப்படித் தடவினேனோ அப்படியே பார்த்துத் தடவினார். டாக்டர் ஊசி போட்டார். தலை மெதுவாக அவர் மடிப் பக்கம் கனத்துச் சாய்ந்தது. மூச்சு நின்ற பிறகும் அவர் கை நிற்கவில்லை. வாசலில் மேனேஜரின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அண்ணாச்சி நிமிராமலே கேட்டார்: "மக கேப்பா, கடைசியில பக்கத்துல யாரு இருந்தான்னு. நான்தான் இருந்தேன்னு சொல்லலாம்ல, டாக்டரம்மா?"

இத்தனை வருடத்தில் எந்தக் குதிரை எத்தனை வாரத்தில் தேறும் என்று ஓரளவு சொல்லப் பழகிவிட்டேன். குதிரைக்காரர் எப்போது தேறுவார் என்பதற்குத்தான் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் பாடம் இல்லை.